ஆர்சி ஹெலியா, விமானமா? வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சுழலிறக்கை (கோயம்புத்தூர்)

வாரத்துக்கு ஒருவராவது தனிச்செய்தியில் வந்து "அண்ணா, ஆர்சி ஹெலிகாப்டர் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்கிறார். (ஆர்சி என்றால் ரேடியோ கன்ட்ரோல், ரிமோட்டில் பறக்கும் மாடல்.) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக வந்து சண்டை போடலாம்.

கணபதி பக்கம் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைவதுதான் பிழைப்பு. நைட்ரோ எரிபொருள் காலத்தில் தண்டர் டைகர் ராப்டர் 30ல் ஆரம்பித்தேன். அப்புறம் அலைன் டி-ரெக்ஸ் 450, 500 (எண் கூடினால் ஹெலி பெரியது) என்று போய், இப்போது ஒரு 700ம் இரண்டு நுரை விமானங்களும் வைத்திருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது இதுதான். ஹெலி பட்டறை ஆட்களுக்கு, விமானம் மைதான ஆட்களுக்கு. எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால் நீங்கள் எந்த ரகம் என்று பாருங்கள். ஒரு மாலை முழுக்க அலென் கீயும் பால் லிங்க் பிளையரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மறுநாள் காலையில் ஆறு நிமிடம் மட்டும் பறக்கவிட்டு, அதிலேயே மனம் நிறைந்துவிடும் என்றால் ஹெலி வாங்குங்கள். போனோமா, பறக்கவிட்டோமா, நாலு பேரோடு டீ குடித்தோமா என்று இருக்க வேண்டும் என்றால் விமானம்தான். இதை மாற்றி வாங்கியவர்களின் ஹெலிகள்தான் "இரண்டு முறை மட்டுமே பறந்தது" என்று பழைய சாமான் விளம்பரத்தில் வருகின்றன.

காரணம் சொல்கிறேன். கலெக்டிவ் பிட்ச் ஹெலியில் மோட்டார் வேகம் ஏறக்குறைய மாறாமல் ஓடும். மேலே போவதும் கீழே வருவதும் பிளேடின் கோணத்தால்தான். பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டுக்கு ஸ்வாஷ்பிளேட் என்று பெயர். அதன் கீழே 120 டிகிரி இடைவெளியில் மூன்று சர்வோ (ரிமோட் சொல்கிறபடி ஒரு கையை அசைக்கும் சின்ன மோட்டார்). மூன்றும் சேர்ந்து ஏறினால் இரண்டு பிளேடுக்கும் கோணம் கூடும். ஒன்று ஏறி மற்றவை இறங்கினால் தட்டு சாயும், ஹெலியும் அந்தப் பக்கம் சாயும். ஆக ஒரு சர்வோ ஆர்ம் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் ஹெலி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஐந்து டிகிரி கோணலாக ஒட்டிய ரட்டரோடு (வாலில் இருக்கும் சுக்கான்) நுரை விமானம் பறந்துவிடும். ஹெலியிடம் அந்தப் பெருந்தன்மை கிடையாது.

டிராக்கிங், அதாவது இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று பார்ப்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். ஒரு பிளேடின் நுனியில் சிவப்பு டேப், இன்னொன்றில் வெள்ளை. பத்து மீட்டராவது தள்ளி நின்று, தரையை விட்டுக் கிளம்பாத அளவுக்குச் சுழலவிட வேண்டும். பிளேடு தட்டின் விளிம்பைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் பார்த்தால், சரியாக இருந்தால் ஒரே கோடு தெரியும். இல்லையென்றால் சிவப்புக் கோடும் வெள்ளைக் கோடும் தனித்தனியாக நிற்கும். மேலே நிற்கும் பிளேடுக்குக் கோணம் கூடுதல் என்று அர்த்தம். நிறுத்தி, அதன் கோணத்தைப் பிடித்திருக்கும் லிங்க் கம்பியைக் கழற்றி, ஒரு சுற்று திருகிக் கோணத்தைக் குறைத்து மாட்டிவிட்டு, மறுபடி சுழலவிட வேண்டும். இந்த வேலையில் அலுப்புத் தட்டுகிறதா? அப்போது ஹெலி உங்களுக்கு வேண்டாம்.

புதுச்சிறகு (திருச்சி)

அண்ணா, தனிச்செய்தியில் கேட்டவர்களில் நானும் ஒருவன்! அஜித் ஹெலி ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. நீங்களே லேத் பட்டறை வைத்திருக்கிறீர்களே, விழுந்து உடைந்தால் பாகங்களை நீங்களே கடைந்து போட்டுக்கொள்ளலாம் அல்லவா? செலவு மிச்சம்தானே?

சுழலிறக்கை

தம்பி, மெயின் ஷாஃப்ட் கடைந்து போட்டிருக்கிறேன். டெயில் பக்கத்துச் சின்னப் புஷ், லேண்டிங் கியருக்கு ஸ்பேசர், இதெல்லாம் அங்கேயே முடித்துவிடுவேன். இரண்டு பிளேடையும் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டான ஃபெதரிங் ஷாஃப்ட் மட்டும் கடையமாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், காரணம் தெரியும்.

450 அளவு ஹெலியின் கார்பன் பிளேடு ஒன்று 35 கிராம் சொச்சம். 2800 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அந்த ஒரு பிளேடு வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமம். 700க்குப் போனால், 185 கிராம் பிளேடு 2000 ஆர்பிஎம்மில் 350 கிலோவுக்கும் மேலே இழுக்கும். இதைத் தாங்குவது அந்த ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் திருகுகள் மட்டும்தான். கடினப்படுத்திய எஃகில், சரியான பதத்தில் செய்த பாகம் அது. என் பட்டறையில் கிடக்கும் ஈஎன்8 என்ற சாதாரண எஃகுக் கம்பியில் அதைக் கடைந்துவிட்டு, பக்கத்தில் மனிதர்கள் நிற்கும் இடத்தில் சுழலவிட எனக்குத் தைரியம் இல்லை.

விழுந்த ஹெலியில் நான் முதலில் கழற்றுவதும் அதைத்தான். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் உருட்டிப் பார்ப்பேன். அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். நிமிர்த்திப் போடுவதெல்லாம் கிடையாது, நேராகக் குப்பைக்குப் போகும்.

700 பிளேடின் நுனி வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000 ஆர்பிஎம்மில் மணிக்கு 600 கிலோமீட்டரை ஒட்டி வரும். 2013ல் நியூயார்க் புரூக்ளினில் ஒரு பூங்காவில் 19 வயதுப் பையன் தன்னுடைய ஹெலி பட்டே இறந்துபோனான். அனுபவமுள்ள பையன். பொம்மை என்று நினைத்துக் கூட்டத்துக்கு நடுவே பறக்கவிடுபவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மேலைக்காற்று (பொள்ளாச்சி)

"போனோமா, பறக்கவிட்டோமா, டீ குடித்தோமா"வா? சுழலிறக்கை அண்ணே, விமானம் ஓட்டுகிறவர்களை மிக்சர் கோஷ்டி ஆக்கிவிட்டீர்கள்.

விமானத்துக்கும் பட்டறை உண்டு. பால்சா என்ற எடை குறைந்த மரத்தில் இறக்கைக்கு ரிப் வெட்டி, உப்புத்தாள் போட்டு, ஃபிலிம் ஒட்டி அயர்ன் பாக்ஸால் இழுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். சென்டர் ஆஃப் கிராவிட்டி (எடை மையம்) ஒன்று போதும் மனிதனைப் பாடாய்ப்படுத்த. சாதாரண டிரெய்னரில் (பழகுவதற்கான விமானம்) இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் எடை நிற்க வேண்டும். மூக்குக் கனமாக இருந்தால் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனமாக இருந்தால் கையை விட்ட மூன்றாவது நொடியில் கதை முடிந்துவிடும். எங்கள் பக்கம் புதிதாக வருபவர்களின் விமானத்தை முதலில் இரண்டு விரலில் தூக்கிப் பார்ப்பேன். பாதிப் பேருடையது வால் பக்கம் சாயும்.

இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரில் இருக்கும் ஊர்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆனால் 700 கிராம் நுரை விமானம் பறக்காது. எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும், திருப்பினால் தென்னந்தோப்பைத் தாண்டிப் போய்விடும். அந்த மூன்று மாதமும் நாங்கள் விடிந்தும் விடியாத நேரத்தில் வந்து, எட்டு மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடுவோம். இந்த விஷயத்தில் ஹெலிக்குத்தான் நல்ல வாய்ப்பு, ஒத்துக்கொள்கிறேன். பெரிய ஹெலி காற்றைச் சட்டை செய்யாது.

புதுச்சிறகு, உங்களுக்கு என் யோசனை: சன்பேக் ஷீட்டோ (பிளாஸ்டிக் அட்டை) ஃபோம் போர்டோ வாங்கி, இறக்கை மேலே இருக்கும் ஒரு ஹை-விங் டிரெய்னர் செய்யுங்கள். ஏ2212 மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), 9 கிராம் சர்வோ நான்கு, 3 செல் 2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரி, ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட். இவ்வளவுதான். தெர்மோகோலில் ஃபெவிக்விக் மட்டும் போடாதீர்கள், கரைந்து ஓட்டையாகிவிடும். ஹாட் குளூ போதும்.

பழையபால்சா (சென்னை)

வணக்கம் பிள்ளைகளே. ரொம்ப நாள் கழித்து இங்கே எழுதுகிறேன்.

நான் என்சிசி ஏர் விங் வழியாக வந்தவன். அந்தக் காலத்தில் ரேடியோ என்பது வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான். எங்களுக்கு கன்ட்ரோல் லைன்தான். கைப்பிடியில் இரண்டு எஃகுக் கம்பி, அதன் மறுமுனையில் விமானம், நடுவில் நாம். நாமும் அதோடு சேர்ந்து சுற்ற வேண்டும். இறங்கிய பிறகும் தரை சுற்றிக்கொண்டே இருக்கும். கல்கத்தாவில் செய்த அரோரா மில்ஸ் டீசல் என்ஜின்தான் எங்கள் சொத்து. பெயர்தான் டீசல், எரிபொருளோ ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. மேலே இருக்கும் திருகை முறுக்கி அமுக்கத்தைக் கூட்டினால் தானாகப் பற்றிக்கொள்ளும். விரலால் புரொப்பெல்லரைச் சுண்ட வேண்டும். திருப்பி அடித்தால் நகம் கறுத்துவிடும். சட்டையில் ஈதர் வாசனையோடு வீட்டுக்குப் போனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறாயா என்று கேட்பார்.

ஹெலி பற்றி ஒரு சேதி. மாடல் ஹெலிகாப்டரை உருப்படியாகப் பறக்க வைத்தவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1970களின் தொடக்கத்தில் அவருடைய ஹ்யூகோப்ரா கிட் கடைக்கு வந்தது. அதுவரைக்கும் பலர் முயன்றும் யந்திரம் நிலையாக நிற்கவில்லை. அப்போது வால் திரும்பாமல் திருத்தும் கைரோவும் கிடையாது. வாலைப் பிடித்து நிறுத்துவது முழுக்க இடது கட்டைவிரலின் பொறுப்பு. இன்றைக்கு ஹெட்டிங் ஹோல்டு கைரோ வாலைக் கட்டிப்போட்டுவிடுகிறது, ரோட்டரை நிலைப்படுத்த மேலே இருந்த ஃப்ளைபார் என்ற குறுக்குத் தண்டும் போய்விட்டது. இத்தனை வசதி இருந்தும் விழுகிறதே என்று புலம்புகிறீர்கள்!

அலைவரிசைக் கதை தெரியாத தலைமுறை இது. 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஆளுக்கொரு சேனல். மைதானத்தில் ஒரு பலகை இருக்கும், உங்கள் சேனலுக்கு உரிய கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிய பிறகுதான் ரிமோட்டை ஆன் செய்யலாம். அதே சேனலில் இன்னொருவர் காருக்குள் உட்கார்ந்து சும்மா ஆன் செய்து பார்த்தால் போதும், வானத்தில் இருப்பது கீழே வந்துவிடும். கண்ணெதிரே ஒரு அழகான ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு அந்தப் பயம் ஒழிந்தது.

அப்புறம், அஜித் பேர் வந்ததால் சொல்கிறேன். 2018ல் குரோம்பேட்டை எம்ஐடியின் தக்‌ஷா அணி ஆஸ்திரேலியாவில் மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. படத்துக்காகப் பிடித்த ரிமோட் இல்லை.

ஜிபிஎஸ்பையன் (சேலம்)

எல்லோரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று புரியவில்லை. இப்போது ஜிபிஎஸ் வைத்த 450 ஹெலிகளே வந்துவிட்டன. கையை எடுத்தால் அங்கேயே நிற்கும், பட்டனை அழுத்தினால் திரும்பி வந்து இறங்கும். எதற்குக் கணினியில் சிமுலேட்டர், எதற்கு மூன்று மாதப் பயிற்சி? என் நண்பன் பெட்டியைத் திறந்த அன்றே பறக்கவிட்டான்.

சுழலிறக்கை

தம்பி, அவர் பறக்கவிட்டார் என்பதை நம்புகிறேன். ஜிபிஎஸ் கெட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் மூக்கு நம்மை நோக்கித் திரும்பி நிற்கும்போது இடது வலது மாறிவிடும் அல்லவா, அதை எந்தப் பெட்டியும் நம் விரலுக்குக் கற்றுத்தராது. காம்பஸ் குழம்பினாலோ சாட்டிலைட் குறைந்தாலோ யந்திரம் "இனி நீ பார்த்துக்கொள்" என்று நம்மிடம் கொடுத்துவிடும். அந்த நொடியில் விரலுக்குத் திசை தெரிய வேண்டும்.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் வரிசை இது. முதலில் வால் நம்மைப் பார்த்தபடி நிறுத்திப் பழகுவது. அப்புறம் இடப்பக்கம், வலப்பக்கம். எல்லோருக்கும் ஒரு பக்கம் சுலபமாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்தில்தான் நேரம் போட வேண்டும். மூக்கு நம்மைப் பார்த்து நிற்பது கடைசியில். இதையெல்லாம் சிமுலேட்டரில் விழுந்து எழுந்து முடித்துவிட்டு மைதானத்துக்கு வந்தால் பாதிக் காசு மிச்சம். ஒரு 450 சாதாரணமாக விழுந்தாலே இரண்டு பிளேடு, ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட், மெயின் கியர், டெயில் பூம் என்று வரிசையாகப் போகும். சிமுலேட்டரில் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் புது ஹெலி.

கடையில் "ஹெலி" என்று விற்கும் இரட்டை ரோட்டர் பொம்மையில் பழகினால் போதுமா என்றும் கேட்கிறார்கள். வீட்டுக் கூடத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அது தானாக நிலைநிற்பதற்கென்றே செய்தது. கலெக்டிவ் ஹெலிக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கொண்டுவர முடியாது.

மேலைக்காற்று

திசைக் குழப்பத்துக்கு விமானக்காரர்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் போதும், இடமா வலமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் முதல் வாரத்திலேயே தனியாக இறக்கிவிட்டார்கள்.

புதுச்சிறகு

மோட்டார் நடுவானில் நின்றுவிட்டால்? விமானம் மிதந்து வரும். ஹெலி கல் மாதிரி விழுந்துவிடும் இல்லையா?

சுழலிறக்கை

இல்லை, இதுதான் ஹெலியின் அழகே. ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். மோட்டார் நின்றதும் ஸ்டிக்கை உடனே கீழே இழுத்து பிளேடுக்குச் சில டிகிரி நெகடிவ் கோணம் கொடுக்க வேண்டும். இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும். மெயின் கியரில் ஒன்வே பேரிங் இருப்பதால் நின்றுபோன மோட்டார் ரோட்டரைப் பிடித்து நிறுத்தாது. தரைக்கு மேலே சில மீட்டரில் மூக்கைத் தூக்கி முன்வேகத்தைக் கொல்ல வேண்டும். கடைசி ஒரு மீட்டரில் பாசிடிவ் கோணத்தை மெதுவாகக் கூட்டினால், பிளேடில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல் ஒரே ஒரு முறை கைகொடுக்கும். சீக்கிரமே இழுத்துவிட்டால் ரோட்டர் வேகம் செத்துவிடும், அந்தரத்தில் ஆற்றல் தீர்ந்து நிற்போம்.

பழகுவதற்கு மோட்டார் கெட வேண்டியதில்லை. ரிமோட்டில் மோட்டாரை மட்டும் நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச் இருக்கிறது. பெரிய ஹெலியில் இது சுலபம், கனமான பிளேடு ஆற்றலைச் சேர்த்து வைக்கும். 450ல் செய்வது கஷ்டம். என் 700ல் மாலை வெயிலில் இதைச் செய்தால் மோட்டார் சத்தமே இருக்காது, பிளேடு காற்றை வெட்டும் ஓசை மட்டும் கேட்கும். 3டி சாகசத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது, இதில் மட்டும் இன்னும் போகவில்லை.

பனிவெளி (டொராண்டோ)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பட்டம் விட்ட கை, இப்போது கனடாவில் ரிமோட் பிடிக்கிறது. கனகாலமாக உங்கள் இழைகளை வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

இங்கே எங்களுக்குக் காற்றை விடப் பனிதான் பிரச்சினை. குளிர்காலத்தில் சிலர் பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் சின்ன நுரை விமானங்கள் விடுவார்கள். துணிந்த ஆட்கள் சில்லை (சக்கரத்தை) கழற்றிவிட்டுச் சின்னப் பனிச்சறுக்குக் கட்டை பூட்டி, உறைந்த ஏரியில் இறக்குவார்கள். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் விரல் விறைத்துவிடும். ரிமோட்டோடு இரண்டு கையையும் நுழைக்கிற மாதிரி ஒரு உறை விற்கிறார்கள், அது இல்லாமல் வெளிக்கிட முடியாது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் குளிரில் சோர்ந்துபோகும், அதைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் பூட்டுவோம்.

ஒரு கேள்வி. ஊருக்கு வரும்போது மருமகனுக்கு ஒரு ஹெலி கொண்டுவரலாமா என்று யோசிக்கிறேன். பேட்டரியைப் பிளேனில் விடுவார்களா?

சுழலிறக்கை

வாங்க பனிவெளி அண்ணா. பேட்டரிக்குக் கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 3 செல் 2200 என்றால் 11.1 பெருக்கல் 2.2, 24 வாட்-மணி சொச்சம். 100க்குக் கீழே இருப்பதைக் கைப்பையில், முனைகளை டேப் ஒட்டிக் கொண்டுபோகலாம். 6 செல் 5000 என்றால் 111 வாட்-மணி, அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எதுவானாலும் லக்கேஜ் பெட்டிக்குள் உதிரி பேட்டரி போடவே கூடாது.

ஹெலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2022 பிப்ரவரியில் இந்தியா ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஜிபிஎஸ் வைத்த முழு ஹெலியைப் பெட்டியோடு கொண்டுவந்தால் சுங்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். மருமகனுக்கு ரிமோட்டும் சார்ஜரும் கொண்டுவாருங்கள். ஹெலியை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஜிபிஎஸ்பையன்

நைட்ரோவைப் பற்றி யாரும் பேசவில்லையே. புகையும் சத்தமும் இல்லாமல் என்ன ஹெலி? யூடியூபில் பார்த்தால் நைட்ரோதான் கெத்து. சேலத்தில் எரிபொருள் எங்கே கிடைக்கும்?

பழையபால்சா

தம்பி, அந்த எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். மிச்சம் எண்ணெயும் நைட்ரோமீத்தேனும். குளோ பிளக்கில் இருக்கும் பிளாட்டினச் சுருள் மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து கனன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் கிளப்பிய பிறகு பேட்டரியைக் கழற்றினாலும் என்ஜின் ஓடுகிறது. அழகான ஏற்பாடுதான்.

ஆனால் தமிழ்நாட்டில் மெத்தனால் சும்மா வாங்குகிற சரக்கு இல்லை. 1959ம் வருடத்து விதிகளின்படி அதற்கு உரிமம் வேண்டும். காரணம் உனக்கே தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அதற்கு முந்தைய வருடம் மரக்காணம். ஒரு பொழுதுபோக்குக்காக அந்தச் சரக்கை யாரோ ஒருவர் மூலம் ஒளித்து வாங்குவது தப்பு. வீட்டில் அடையாளம் இல்லாத பாட்டிலில் வைப்பது அதைவிடப் பெரிய தப்பு. உள்ளே போனால் கண் போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் ஏறும்.

சுழலிறக்கை

ஐயா சொன்னதுதான் நான் ராப்டரை விற்றதற்கும் காரணம். நைட்ரோ சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு கேனுக்கும் அலைந்து திரிய வேண்டியிருந்தது. புகை வேண்டும் என்றால் விமானத்தில் டிஎல்இ மாதிரி பெட்ரோல் என்ஜின் போடுங்கள். பங்கில் பிடித்து டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் முடிந்தது.

புதுச்சிறகு

சட்டப்படி எங்கே பறக்கவிடலாம்? எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விடலாமா?

மேலைக்காற்று

மொட்டை மாடியா! விமானம் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியில்தான் இறங்கும்.

நம் மாடல்களுக்கும் ட்ரோன் விதிகள்தான். ட்ரோன் விதிகள் 2021 என்று தேடிப் படியுங்கள், தலைவலி தராத எளிய ஆவணம்தான். முன்அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை. விமான நிலையச் சுற்றளவிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான். அதற்கும் உள்ளே போனால் அனுமதி இல்லாமல் கூடாது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பொழுதுபோக்குக்காக ஓட்டும் மாடலுக்கு வகைச் சான்றிதழ் (அந்த ரகத்துக்குத் தரும் ஒப்புதல்) வேண்டியதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோவைக்காரர்களுக்கு பீளமேடு ஒருபக்கம், சூலூர் விமானப்படைத் தளம் ஒருபக்கம், நடுவில் இடம் தேடுவதே ஒரு வேலை. திருச்சியிலும் விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, அதனால் ஊரை விட்டுத் தள்ளித்தான் போக வேண்டும்.

நாங்கள் காய்ந்த குளத்தில் விடுகிறோம். அங்கே ஆள்காட்டிக் குருவி தரையிலேயே முட்டை வைக்கும். தலைக்கு மேலே கத்திக்கொண்டே வட்டமடித்தால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கம் ரன்வே போடாதீர்கள். பருந்து இன்னொரு ரகம். கூடு கட்டும் காலத்தில் நுரை விமானத்தை எதிரியாக நினைத்து நகத்தை நீட்டிக்கொண்டு வரும். வீரம் காட்டாமல் இறக்கிவிடுங்கள். புரொப்பெல்லரில் அடிபட்டால் போவது அதன் உயிர்.

ஜிபிஎஸ்பையன்

சரி சரி, நைட்ரோ ஆசையை விட்டுவிட்டேன். என் லிப்போ லேசாக வீங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சநாள் ஓட்டலாமா?

சுழலிறக்கை

வேண்டாம். இப்போதே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். மெதுவாக முழுக்க டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது, அதைச் செய்தால் தீப்பிடிக்கும்.

அடுத்த பேட்டரிக்காவது இதைப் பின்பற்றுங்கள். முழு சார்ஜ் என்றால் செல்லுக்கு 4.2 வோல்ட். கொள்ளளவில் 80 சதவீதம் செலவானதும் இறக்கிவிட வேண்டும், அதற்கு ரிமோட்டில் டைமர் வையுங்கள். அடுத்த ஞாயிறு வரை சும்மா கிடக்கும் என்றால் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், சார்ஜரிலேயே ஸ்டோரேஜ் மோடு இருக்கும். முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைத்தால் வீங்கத்தான் செய்யும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சார்ஜ் ஏறும்போது தூங்கப் போகாதீர்கள். நான் பட்டறையில் சிமெண்ட் தரையில் வைத்துத்தான் ஏற்றுவேன், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கும்.

போலிச் சரக்கும் உண்டு. ஒரு ஆன்லைன் கடையில் வாங்கிய 5000 பேட்டரியைச் சார்ஜரில் அளந்தபோது 3600 கூட வரவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்தார்கள். பேட்டரியை மட்டும் நேரில் பார்த்து, எடை போட்டு வாங்குங்கள். கொள்ளளவு எழுதியிருப்பதைவிட எடை பொய் சொல்லாது.

பனிவெளி

நன்றி தம்பி. ரிமோட்டும் சார்ஜரும் வாங்கிவிட்டேன். மருமகன் ஹெலிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அவன் பழைய கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டுகிற ஆள், ஆகவே உங்கள் கணக்குப்படி அவனுக்கு ஹெலி சரிதான்.

புதுச்சிறகு

நான் யோசித்துப் பார்த்தேன் அண்ணா. என்னிடம் ஸ்க்ரூடிரைவர் கூடச் சொந்தமாக இல்லை. மைதானக்காரன்தான் போலிருக்கிறது. மேலைக்காற்று அண்ணா சொன்ன டிரெய்னரையே செய்யப்போகிறேன், சன்பேக் ஷீட் வாங்கியாயிற்று. கடைசிச் சந்தேகம்: ரிமோட் மோடு 1ஆ, மோடு 2ஆ?

மேலைக்காற்று

மோடு 2 எடுங்கள். த்ராட்டில் (மோட்டார் வேகம்) இடது கையில், எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்குவது) எய்லரானும் (பக்கவாட்டில் சாய்ப்பது) வலது கையில். நம் ஊரில் பெரும்பாலும் அதுதான். முதல் பறப்பில் பக்கத்தில் நிற்பவர் கையில் ரிமோட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும், அவருடைய மோடும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால்தான் அவரால் காப்பாற்ற முடியும். அடுத்த மாதம் திருச்சி பக்கம் வருகிறேன், டிரெய்னரை முடித்து வையுங்கள். சென்டர் ஆஃப் கிராவிட்டி பார்த்துவிட்டு நானே முதலில் தூக்கி விடுகிறேன்.

பழையபால்சா

நான் மோடு 1 ஆள், த்ராட்டில் வலது கையில். ஜப்பான் ரிமோட்டில் பழகிய கை, இனி மாறாது. சுழலிறக்கை, அடுத்த தடவை கோவை வரும்போது உன் 700ஐ ஒரு ரவுண்டு எனக்குக் கொடுப்பாயா?

சுழலிறக்கை

ஐயா, டீ வாங்கித் தருகிறேன்.